இப்பவே கிளம்புது

நாரின் வண்டிகள் நிற்கும் இடத்தில் பொய் என்பது பெட்ரோல் மாதிரி. அது இல்லாமல் ஒரு வண்டியும் நகராது.

கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக்கில், மேற்குப் பேருந்து நிலையத்தை ஒட்டி, மலையூர் நாரினுக்குப் போகிற ஏழெட்டு வண்டிகள் வரிசையாக நிற்கும். "ஒரே ஒரு சீட்டு! இப்பவே கிளம்புது!" என்று அத்தனை டிரைவர்களும் தொண்டை கிழியக் கத்துவார்கள். எட்டிப் பார்த்தால் உள்ளே நாலைந்து தலை தெரியும். நம்பி ஏறி உட்கார்ந்தவருக்குப் பத்து நிமிடம் கழித்துத்தான் விஷயம் உறைக்கும். முன்சீட்டுக்காரர் சிகரெட் வாங்க இறங்குவார், திரும்பி வரமாட்டார். பின்சீட்டுக்காரருக்குத் திடீரென்று போன் வரும். பேசிக்கொண்டே இறங்கிக் காணாமல் போவார். அத்தனையும் பக்கத்து வண்டி டிரைவர்களின் தலைகள். இன்றைக்கு நீ என் வண்டியில் உட்கார், நாளைக்கு நான் உன் வண்டியில் உட்காருகிறேன் என்பது அங்கே சொந்தபந்தம் மாதிரி. டம்மி உட்காருவது என்று அதற்குப் பெயர். கல்யாணத்துக்கு வராதவனைக்கூட மன்னித்துவிடுவார்கள். டம்மி உட்கார மறுத்தவனை மன்னிக்க மாட்டார்கள்.

ஜுமாதில் மறுத்துவிட்டு நின்றான். ஆறு நாளாக.

இத்தனைக்கும் பதினோரு வருடம் அதே இடத்தில் நின்று, அதே பொய்யைச் சொல்லி, ஏழு பேர் ஏறும் பழைய ஜப்பான் வண்டியில் நாரினுக்கு ஆள் ஏற்றியவன்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் மசூதியை விட்டு ஈசா, அதாவது இயேசு, பக்கம் போனான். ஒரு ஏரிக்கரையில் ஞானஸ்நான முழுக்குப் போட்டுவிட்டு ஈரத் தலையோடு வீட்டுக்கு வந்தபோது அவன் மனைவி ஐனாஷ், "ஜலதோஷம் பிடிக்கப் போகுது" என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் அவளிடம் இன்றுவரை அபிப்பிராயம் எதுவும் இல்லை. நிறுத்தத்தில்தான் கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள். ஆனால் முழுக்குக்கு மறுநாளும் அவன் வழக்கம்போல "ஒரே சீட்டு!" என்று கத்தியதைக் கேட்டதும், ஆள் அப்படியேதான் இருக்கிறான் என்று நிம்மதியாகி விட்டுவிட்டார்கள்.

வினை புதன்கிழமைக் கூட்டத்தில் வந்தது. புதன்தோறும் சாயங்காலம் ஆறு மணிக்கு மார்லென் போதகர் வீட்டில் ஐந்து பேர் கூடுவார்கள். மார்க்ஸும் லெனினும் சேர்ந்த பெயர் அது. மகன் பெரிய கட்சிக்காரனாக வருவான் என்று அப்பா ஆசைப்பட்டு வைத்தது; மகன் ஜெப வீடு நடத்துகிறான். சும்மா பாட்டுப் பாடி டீ குடித்துவிட்டுப் போகிற கூட்டம் இல்லை. வாராவாரம் ஒரு பாடம், பாடத்தை ஒட்டி ஒரு வீட்டுவேலை, அடுத்த புதன் அத்தனை பேர் முன்னாலும் முடித்தேனா இல்லையா என்று சொல்லவேண்டும்.

ஜுமாதில் ஒன்றையும் முடித்ததில்லை. உபவாசப் பாடத்தில், நாரின் வழியில் இருக்கும் கொச்கோர் வரை தாக்குப்பிடித்தான். அங்கே கடைக்காரி கொதிக்கக் கொதிக்க நூடுல்ஸ் கொண்டுவந்து வைத்துவிட்டாள். கெட்ட வார்த்தை பேசாத பாடம் வீட்டிலிருந்து முதல் ரவுண்டானா வரை நீடித்தது. ஒவ்வொரு தடவையும் தலையைத் தொங்கப்போட்டு ஒப்புக்கொள்வான். ஒவ்வொரு தடவையும் மார்லென் அவன் தோளைத் தட்டி, "பரவாயில்லை அண்ணே, கிருபை இருக்கு" என்பார். அந்தத் தட்டல்தான் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். நொண்டிக் குதிரையைத் தட்டுவதுபோலத் தட்டுகிறார் என்று ஐனாஷிடம் குமுறுவான். ஒரே ஒரு புதன்கிழமை, ஒரே ஒரு தடவை, நிமிர்ந்து உட்கார்ந்து "முடிச்சேன்" என்று சொல்லிவிட வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான்.

அப்படியிருக்கும்போதுதான், வாயில் வருவதும் மனதில் இருப்பதும் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற பாடம் வந்தது. அவரவர் தொழிலில் அவரவர் சொல்லும் பொய்யை அவரவரே சொல்லி, ஒரு வாரம் அதை விட்டுவிடவேண்டும். தையல்காரி தாமரா, "நாளைக்கு ரெடியாயிடும்னு சொல்றதை விட்டுடறேன்" என்றாள். ஜுமாதில் யோசிக்காமல் வாயைத் திறந்தான். "ஒரே சீட்டு, இப்பவே கிளம்புது. அதை விட்டுடறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். தாமரா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ சிந்தியது. அவர்கள் சிரித்ததும் இவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "டம்மியும் உட்கார மாட்டேன். வைக்கவும் மாட்டேன்" என்று சேர்த்துக்கொண்டான். கேட்டது ஒன்று, இவன் கொடுத்தது மூன்று.

மறுநாள் வியாழக்கிழமை ஒரு மாணவி வந்து, "அண்ணே, எப்போ கிளம்பும்?" என்றாள்.

"தெரியலைம்மா. இன்னும் ஆறு பேர் வரணும்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வண்டியில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை ஒரு பெரியவர், "ஒரு டிரைவர் இவ்வளவு உண்மை பேசினா அவன்கிட்ட ஏதோ திருட்டுத்தனம் இருக்கு" என்று மனைவியின் காதில் சொன்னார். ஜுமாதில் காதிலும் விழுந்தது. சனிக்கிழமை மத்தியானம் வரை நின்று நாலு பேரோடு போனான். ஞாயிறு ஜெப வீடு. திங்கட்கிழமை மூன்று பேர். அதில் ஒருத்தருக்கு வழி முழுக்க வாந்தி. செவ்வாய்க்கிழமை யாருமே வரவில்லை. பகல் முழுக்க நின்றுவிட்டு, ஒரு முட்டைக்கோசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.

நிறுத்தத்தில் அவனுக்கு "முப்தி" என்று, மார்க்கத் தீர்ப்பு சொல்லும் முஸ்லிம் பெரியவரின் பட்டத்தையே, பெயராக வைத்தாயிற்று. நண்பன் குபாத்துதான் வைத்தான். பத்து வருடச் சிநேகிதம். ஜுமாதிலுக்கு மகள் பிறந்த பனிக்காலக் காலையில், ஆஸ்பத்திரிக்கு ஓடியவனின் வண்டியில் ஆள் சேர்ந்திருக்கட்டும் என்று இரண்டு மணிநேரம் வெடவெடத்துக்கொண்டு டம்மி உட்கார்ந்தவன். அதனால் அவனுக்குக் கோபம் அதிகம், கேலி அதைவிட அதிகம்.

"முப்தி ஐயா, மணி என்ன? பொய் சொல்லாம சொல்லுங்க."

"ஒன்பது அஞ்சு."

"நொடியையும் சேர்த்துச் சொல்லுங்க. இல்லேன்னா பாவம்."

புதன்கிழமை காலை அது. கடைசி நாள். சாயங்காலம் ஆறு மணி வரை வாயைக் காப்பாற்றினால் போதும். இன்றைக்கு ஆள் சேராவிட்டால் நாரினுக்கே போகவேண்டாம், மத்தியானம் வரை நின்று பார்த்துவிட்டு நேரே மார்லென் வீட்டுக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிடலாம் என்று அவன் கணக்குப் போட்டிருந்தான்.

அப்போதுதான் கலிபா அக்கா வந்தாள்; பெயர் பிறகு வழியில்தான் தெரிந்தது. அறுபது வயது இருக்கும். தலையில் வெள்ளைத் துணி, கையில் ஒரு கோடுபோட்ட பை, அழுது வீங்கிய கண். நேரே ஜுமாதிலிடம் வந்தாள்.

"தம்பி, நாரின். எப்போ எடுப்பே? எங்கண்ணன் போயிட்டாரு. மூணு மணிக்குத் தூக்கிடுவாங்க."

ஜுமாதில் வண்டியைத் திரும்பிப் பார்த்தான். ஒரு ஆள் இல்லை. "தெரியலை அக்கா. ஆறு பேர் சேரணும். ரெண்டு மணி நேரம் ஆகலாம்."

அவன் முடிப்பதற்குள் குபாத் பாய்ந்து வந்து அவள் பையைப் பிடுங்கினான். "வாங்கக்கா, ஒரே ஒரு சீட்டு, இப்பவே கிளம்புது!" பை டிக்கிக்குள் போய், டிக்கி பூட்டியும் ஆகிவிட்டது. பையை முதலில் பிடித்துவிட்டால் ஆள் தப்ப முடியாது. அது அங்கே பால பாடம். குபாத்தின் வண்டியில் ஐந்து தலை இருந்தது. நடுவில் தலாந்த். அவன் வண்டி மூன்று மாதமாக மெக்கானிக்கிடம் கிடக்கிறது. இப்போது அவனுக்கு முழுநேர வேலையே டம்மிதான். உட்காருவதில் அவனை அடிக்க ஆளில்லை. ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உட்காருவான். காதில் போனை வைத்து, "அம்மா, கிளம்பிட்டேன், இறைச்சியை அடுப்புல போடு" என்பான். அவன் அம்மா செத்துப் பத்து வருடம் ஆகிறது.

ஜுமாதில் தன் பானெட்டில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். என் வாயைப் பற்றித்தான் வாக்குக் கொடுத்தேன், குபாத்தின் வாயைப் பற்றி இல்லை என்று சொல்லிக்கொண்டான். அடுத்தவன் வண்டி ஆளைக் கலைப்பது அந்த இடத்தில் கொலைக்குச் சமம். மேலே அண்ணாந்து, 'இது என் பாடத்துல இல்லையே' என்றான் மனதுக்குள். மேலிருந்து பதில் ஒன்றும் வரவில்லை. வழக்கமாகவே வருவதில்லை.

கால் மணி நேரத்தில் குபாத்தின் வண்டியில் தலைகள் குறைய ஆரம்பித்தன. சிகரெட்டுக்கு ஒருத்தன். ஒன்றுக்குப் போக ஒருத்தன். தலாந்த் ஷூவை மாட்டிக்கொண்டு, "அடடா, பாஸ்போர்ட்டை மறந்துட்டேன்" என்று இறங்கினான். கலிபா அக்கா தனியாக உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தாள். புரிந்துவிட்டது. இறங்கி வந்து டிக்கியைக் கையால் அறைந்தாள்.

"பையைக் குடு! பாவி, எங்கண்ணனை மண்ணுக்குள்ள வெச்ச பிறகா என்னைக் கொண்டுபோய் இறக்குவே?"

"அக்கா, அஞ்சு நிமிஷம்! இப்பவே கிளம்புது!" குபாத்துக்கும் சங்கடம்தான். அவன் கெட்டவன் இல்லை, தொழில்காரன். சங்கடத்தை மறைக்கக் கேலியை எடுத்தான். "நம்பலைன்னா இதோ, முப்தியைக் கேளுங்க. பொய்யே சொல்ல மாட்டாரு. சொல்லுடா ஜுமாதில், நான் இப்பவே கிளம்பறேனா இல்லையா?"

நிறுத்தமே திரும்பிப் பார்த்தது. சம்சா விற்கிற பெண் தட்டைத் துடைப்பதை நிறுத்திக்கொண்டாள். அவள் தையல்காரி தாமராவின் தங்கை என்பதை இங்கேயே சொல்லிவைப்பது நல்லது.

ஜுமாதில் எண்ணிப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் சிநேகிதன் போச்சு. பொய் சொன்னால் ஆறு நாள் பட்டினி போச்சு. வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த அம்மாளுக்கு அண்ணன் முகம் போச்சு. மணி ஒன்பது நாற்பது.

"நீ எப்போ கிளம்புவேன்னு எனக்குத் தெரியாது" என்றான். பிறகு, ஆறு நாளாகத் தொண்டையில் அடைத்துக்கிடந்தது பீறிட்டு வந்தது. "என் வண்டி இப்பவே கிளம்புது!"

 அப்புறம் கிளம்பியது பாருங்கள் ஒரு ஆரவாரம்! விசில் அடித்தார்கள், தொப்பியைத் தூக்கிப் போட்டார்கள். "முப்தி பொய் சொல்லிட்டான்டா!" "வந்துட்டான்டா நம்ம ஆளு!" குபாத் ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். சந்தோஷத்தில் டிக்கியைத் திறந்து பையையும் எடுத்துக் கொடுத்தான். "எடுத்துக்கோ மாப்ளே, இன்னிக்கு என் பரிசு." தலாந்துக்கு ஆனந்தம் தாளவில்லை. பழைய சிநேகிதனுக்குத் தன்னால் ஆனது என்று ஜுமாதிலின் பின்சீட்டில் தாவி ஏறி, ஷூவைக் கழற்றிவிட்டு, "அம்மா, கிளம்பிட்டேன்" என்று ஆரம்பித்தான்.

கலிபா அக்கா மட்டும் ஏறவில்லை. "நீயுமா தம்பி? நீயாவது உண்மை பேசினேன்னு நினைச்சேனே."

"ஏறுங்கக்கா."

"வண்டியில ஆளே இல்லையே!"

"அதான் கிளம்பறேங்கறேன். ஏறுங்க!"

அவளை முன்சீட்டில் கிட்டத்தட்டத் தூக்கிவைத்துக் கதவைச் சாத்தினான். வண்டி உறுமிக்கொண்டு வெளியே பாய்ந்தது. நிறுத்தத்தில் கைதட்டல் அப்படியே அந்தரத்தில் நின்றது. பின்னால் தலாந்த் முதலில் சிரித்தான். இரண்டாவது சிக்னல் தாண்டியதும் சிரிப்பு நின்றது.

"டேய், போதும்டா, நம்பிட்டாங்க. நிறுத்து."

"இப்பவே கிளம்புதுன்னு சொல்லிட்டேன். நடுவுல நிறுத்தினா அது எப்படி இப்பவே ஆகும்?"

"டேய்! கதவைத் திறடா!" பின்கதவு உள்ளேயிருந்து திறக்காது; அந்த வண்டியில் அது நான்கு வருட நோய். ஊரின் கிழக்குக் கோடியில் பெட்ரோல் போட நிறுத்தியபோதுதான் தலாந்துக்கு விடுதலை. இறங்கி நின்று அவன் சொன்ன வார்த்தைகளை எழுத முடியாது.

முந்நூறு கிலோமீட்டர், ஒரே ஒரு ஆள். அந்த ஆளாவது நன்றியோடு வந்தாளா என்றால், அதுவும் இல்லை. பெட்ரோலுக்கு நின்றது தப்பு. பூம் பள்ளத்தாக்கில் லாரிக்குப் பின்னால் போனது தப்பு. ஜன்னல் திறந்தால் குளிர், மூடினால் புழுக்கம். பாதி வழியில், ஏன் அந்த ஆட்கள் உன்னை முப்தி என்கிறார்கள் என்று கேட்டாள். அவனும், பொய் சொல்லக்கூடாதே, எல்லாவற்றையும் சொன்னான்.

"ஈசாவா? கிர்கிஸ்காரனுக்கு ஏன்டா ரஷ்யக்காரன் கடவுள்?"

"அவர் ரஷ்யக்காரர் இல்லக்கா."

"யாரா இருந்தா என்ன. சாமியை மாத்தினாலும் ஸ்டியரிங்கை ஒழுங்காப் பிடி." தலைத்துணியை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "எங்க பக்கத்துல ஆம்பளைங்க யாருமே மிச்சமில்லை. வாசல்ல நின்னு அழ எங்கண்ணனுக்கு ஒரு தம்பி இல்லை. எல்லாம் அவரு பொண்டாட்டி வீட்டு ஆளுங்கதான் நிப்பாங்க" என்றாள். ஜுமாதில் கியரை மாற்றினான்.

நாரினுக்குள் நுழையும்போது மணி இரண்டே முக்கால். தெரு முழுக்கக் கார்கள். முற்றத்தில் யூர்ட் கூடாரம் போட்டு உள்ளே உடலை வைத்திருந்தார்கள். அதன் வாசலில் இடுப்பில் துணி கட்டிய ஆண்கள் தடியை ஊன்றிக் குனிந்து நின்று ஓலமிட்டுக்கொண்டிருந்தார்கள். கலிபா அக்கா இறங்கினாள். இவனையும் கையைப் பிடித்து இறக்கினாள். பையைத் தூக்கிவரத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தான்.

"கூட யாரு?" என்று வாசலில் நின்ற ஒரு பெரியவர் கேட்டார்.

"என் தம்பி" என்றாள் கலிபா அக்கா.

ஜுமாதில் வாயைத் திறந்தான். நான் டிரைவருங்க. ஒரே சொல். நாக்கு நுனிவரை வந்தது. மணி இன்னும் மூன்றுகூட ஆகவில்லை. ஆறு மணி வரை வாக்கு இருக்கிறது. அவன் சட்டைக் கையை அவள் இறுகப் பிடித்திருந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை, யூர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர் அதற்குள் அவன் இடுப்பில் துணியைச் சுற்றி, கையில் ஒரு தடியைத் திணித்துவிட்டார்.

திறந்த வாயை மூடினான். கலிபா அக்கா ஓலமிட்டுக்கொண்டே உள்ளே ஓடினாள். வரிசையில் நின்றவர்கள் இவனைப் பார்த்தார்கள். தம்பி என்றால் அழவேண்டாமா?

"என் ஈரக்குலையே!" என்றான் ஜுமாதில், மெதுவாக. யாரென்றே தெரியாத மனிதனுக்கு. அடுத்த தடவை குரல் கொஞ்சம் பெரிதாக வந்தது. மூன்றாவது தடவை, முட்டைக்கோசும் முப்தியும் தோள் தட்டலும் எல்லாம் சேர்ந்து எங்கிருந்தோ கிளம்பி வந்து, அவன் தடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நிஜமாகவே அழுதான். பக்கத்தில் நின்றவர், "பாசக்காரத் தம்பி" என்று அடுத்தவரிடம் சொன்னார்.

மூன்று மணிக்குத் தூக்கினார்கள். தொழுகை நடந்தபோது அவன் தள்ளிப்போய்த் தன் வண்டியருகே தலைகுனிந்து நின்று, தன் முறையில் இரண்டு வார்த்தை வேண்டிக்கொண்டான். அப்போதே நழுவியிருக்கலாம். தம்பியைச் சாப்பிடாமல் விடுவார்களா? உறவைப் பார்த்து எலும்பு வைக்கிற ஊர்; ஆட்டிறைச்சியில் தம்பிக்குரிய எலும்பை வைத்தார்கள். மறுக்க முடியாமல் தின்றான். ருசியாக வேறு இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

கிளம்பும்போது கலிபா அக்கா இறைச்சியும் பொரித்த ரொட்டியும் கட்டிய பையைச் சீட்டில் வைத்தாள். "நாற்பதாம் நாள் நவம்பர் ரெண்டு. வருவேல்ல தம்பி?"

"வரேன் அக்கா."

துக்க வீட்டில் எல்லோரும் சொல்வதுதான். யாரும் வரமாட்டார்கள், யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள்.

நாரின் நிறுத்தத்தில் இரண்டு பேர் வந்து, "எப்போ கிளம்பும்?" என்றார்கள். "ஆள் சேர்ந்தாத்தான்" என்றான். போய்விட்டார்கள். காலி வண்டியோடு கிளம்பினான்.

டோலோன் கணவாயில் ஏறும்போது சரியாக ஆறு மணிக்குப் போன் அடித்தது. மார்லென்.

"அண்ணே, எல்லாரும் இங்கதான் இருக்கோம். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். தாமராவுக்கு அவ தங்கச்சி எல்லாம் சொல்லிட்டா. கடைசி நாள்ல சறுக்கிட்டீங்களாமே. அதுக்கு வெட்கப்பட்டு வராம இருக்கலாமா? பரவாயில்லை, கிருபை இருக்கு."

"நான் பொய் சொல்லலை!" ஜுமாதில் கத்தினான். "இப்பவே கிளம்புதுன்னேன், கிளம்பினேன்! நாரின்ல இருந்துதான் வரேன்! ஒரே ஒரு ஆளை வெச்சுக்கிட்டு!"

"அப்படியா அண்ணே!" பின்னால் கசமுசவென்று குரல்கள். தாமரா, "அப்ப முடிச்சுட்டாரா?" என்று கேட்டது தெளிவாகக் கேட்டது. "அப்போ வாரம் முழுக்க ஒரு பொய்கூட இல்லையா அண்ணே?" என்றார் மார்லென். குரலில் அவ்வளவு ஆவல்.

இதோ வந்துவிட்டது. மூன்று வருடம் காத்திருந்த கேள்வி. 'முடிச்சேன்' என்று ஒரு சொல்.

"ஒண்ணும் இல்லை" என்று ஆரம்பித்தான். "அதாவது, நான் சொல்லலை. அந்த அக்கா சொன்னாங்க, என் தம்பின்னு. நான் பேசாம இருந்துட்டேன். பேசாம இருந்தது மட்டுமில்லை, அழுதேன். ஆனா அழுதது நிஜம். அது இப்போ..."

"எந்த அக்கா? கேட்கலை அண்ணே. அழாதீங்க. நாங்க உங்களுக்காக ஜெ..."

சிக்னல் போய்விட்டது.

வண்டியை ஓரமாக நிறுத்தினான். போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு மூன்று பக்கமும் நடந்தான். ஒரு கோடுகூட வரவில்லை. இந்நேரம் அங்கே ஐந்து பேரும் கைகோத்து, விழுந்துபோன சகோதரன் ஜுமாதிலுக்காக உருகிக்கொண்டிருப்பார்கள். காலையில் நிறுத்தத்தில் பொய்யனாகக் கைதட்டல் வாங்கினான். இந்நேரம் தலாந்த் போய்ச் சொல்லியிருப்பான், இனி பைத்தியக்காரன் பட்டம். ஒரு அண்ணனைப் புதைத்தும் ஆகிவிட்டது. எதற்கும் அவன் விண்ணப்பம் போடவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தான். அப்போதுதான் சீட்டில் இருந்த இறைச்சிப் பையைப் பார்த்தான். வரேன் அக்கா.

"சொல்லிட்டேனா?" என்றான் சத்தமாக. யோசிக்காமலே சொல்லியிருக்கிறான். வாயில் வருவதும் மனதில் இருப்பதும் ஒன்றாக இருக்கவேண்டும். மனதில் அப்போது ஒன்றுமே இல்லை, கிளம்பினால் போதும் என்பதைத் தவிர. நவம்பரில் இந்தக் கணவாயில் பனி முழங்கால் வரை கிடக்கும். அவனுடைய சக்கரம் வழுக்கை. மறுபடி முந்நூறு கிலோமீட்டர், மறுபடி காலி வண்டி, மறுபடி தம்பிக்குரிய எலும்பு.

 பிறகு பேனாவைத் தேடி எடுத்து, வெயில் தடுப்பு அட்டையை இழுத்துவிட்டு, அதில் 'நவம்பர் 2, கலிபா அக்கா' என்று பெரிய எழுத்தில் எழுதினான்.

எழுதி முடித்ததும், ரொம்ப நாளாக உள்ளே சேர்த்து வைத்திருந்த கெட்ட வார்த்தைகளில் மிக நீளமான ஒன்றை எடுத்து, கணவாய் முழுக்கக் கேட்கும்படி சொன்னான். அது போன மாதப் பாடம். இந்த வாரக் கணக்கில் வராது.